ஸ்கோர் எண்ணும் வயது: நார்வேயும் அமெரிக்காவும்

நார்வேயில் குழந்தைகளுக்குப் போட்டியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஆறு வயதிலேயே உள்ளூர்ப் போட்டிகளில் ஆடலாம். கோல் விழுந்தால் துள்ளிக் குதிக்கலாம். 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன்பு புள்ளிப் பட்டியலும் தரவரிசையும்தான் கிடையாது. தேசியப் போட்டிக்கு 13 ஆக வேண்டும். பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். இவை நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு வகுத்த விதிகள்.

அமெரிக்காவிலோ லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடர் 1947 முதல் நடக்கிறது. 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் ஆடுவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. ஆட்டத்தின் தரம் அசத்தும், மறுக்க மாட்டேன். ஆனால் தோற்று அழும் பிள்ளையின் முகத்தையும் கேமரா கிட்டே போய்க் காட்டுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. 11, 12 வயதுப் பிள்ளைகளின் முழங்கையையும் தோளையும் காக்க, ஒரு நாளைக்கு 85 பந்துதான் எறியலாம் என்று வரம்பே வைக்க வேண்டியிருக்கிறது.

ஸ்கோர் இல்லாவிட்டால் பிள்ளைகள் மந்தமாகிவிடுவார்களா? அப்போது சுமார் 54 லட்சம் பேர் வாழ்ந்த நார்வே, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. பனியும் பண வசதியும் அதற்குக் காரணம்தான். ஆனாலும் பட்டியல் போடாததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. என் ஓட்டு நார்வேக்கு. ஸ்கோரைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொள்ளட்டும், பெரியவர்கள் அதை எழுதி ஒட்ட வேண்டாம்.