இரண்டாவது கியரில் இழுக்கும் கார்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (முன்சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் கை வண்டியோடு சேருகிற இடத்து ரப்பர்) இரண்டு பக்கமும் மாற்றினேன். பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து முதல் திருப்பம் திரும்பியபோதே புரிந்துவிட்டது, கிட்டத்தட்ட இரண்டு வருடமாக நான் ஓட்டியது தேய்ந்த ரப்பரைத்தான், காரை அல்ல. அதே வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "முன்சக்கரத்துக்குப் பவர் போகிற டர்போ ஹாட் ஹேட்ச் எடுக்கட்டுமா, பின்சக்கரம் தள்ளுகிற எடை குறைந்த கூபே எடுக்கட்டுமா? நீ ஆறு வருடமாக ஒன்றை வைத்திருக்கிறாயே, சொல்." போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது முதல் வகை, அதாவது சாதாரணச் சின்னக் கார் உருவத்தில் பலமான எஞ்சின். கூபே என்பது இரண்டு கதவு, தாழ்வான கூரை உள்ள கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குதிரைத்திறன், 0-100 கணக்கெல்லாம் இந்த வகைக் காரைத் தேடுகிறவர்களுக்கு மனப்பாடம், அதை விட்டுவிடுகிறேன். மாடல் பெயரும் வேண்டாம். நான் சொல்லப்போகிற விஷயம் இந்த அமைப்பில் வரும் எல்லாக் கார்களுக்கும் ஏதோ ஒரு அளவில் பொருந்தும்.

முதல் நாளிலிருந்து இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது ஒன்றே ஒன்று. இரண்டாவது கியரில், 2,500 ஆர்பிஎம் தாண்டி டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) முழுசாக ஊத ஆரம்பிக்கும் நேரத்தில், சாலை சமமாக இல்லாவிட்டால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஆபத்தான இழுப்பு இல்லை. ஒரு குழந்தை நம் விரலைப் பிடித்து "அந்தப் பக்கம் போகலாம்" என்று இழுக்கிற அளவுதான். ஆனால் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது, நான் சொன்ன இடத்துக்குத்தான் கார் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிற அந்த ஒரு நொடியில், கார் தன் கருத்தைச் சொல்கிறது. இதைத்தான் டார்க் ஸ்டீர் என்கிறார்கள்; டார்க் என்றால் எஞ்சினின் முறுக்கு விசை, ஸ்டீர் என்றால் திருப்புதல்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு என் கோபம் கொஞ்சம் தணிந்தது. வழக்கமான மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு), முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு ஸ்ட்ரட்டின் மேல் முனையிலிருந்து கீழே பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு வரைக்கும் சாய்வாக ஓடுகிறது. சக்கரத்தின் நடுப்புள்ளி அந்த அச்சிலிருந்து சற்று வெளியே தள்ளி இருக்கிறது. அந்த இடைவெளி ஒரு நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுவை இருக்கும்வரை இரண்டு நெம்புகோலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலிலோ ஈரத்திலோ ஒட்டுப்போட்ட தாரிலோ ஏறினால் சமன் குலைந்து, மிச்சம் இருக்கிற இழுப்பு நேராக நம் கைக்கு வந்துவிடுகிறது. என் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் வேறு உண்டு. அது பிடிப்பு இருக்கிற சக்கரத்துக்கு அதிக விசையை அனுப்புவதால் காரின் மூக்கு திருப்பத்துக்குள் நன்றாக இழுபடும். அதே காரணத்தால் கரடுமுரடான நேர்ச்சாலையில் ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே அலையும். அந்த வரமும் இந்தத் தொல்லையும் ஒரே பாகத்திலிருந்து வருகின்றன.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாததல்ல. 2009-இல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 305 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பியபோது, அதற்கென்றே ரெவோநக்கிள் என்ற தனி அமைப்பைப் போட்டார்கள். 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆரிலும் இரட்டை அச்சு ஸ்ட்ரட் இருந்தது. இரண்டிலும் ஸ்ட்ரட் திரும்பாமல் நிற்கும், திரும்பும் அச்சு மட்டும் சக்கரத்துக்கு அருகில் நகர்ந்துவிடும், நெம்புகோல் குட்டையாகிவிடும். அப்படி ஒரு கார் உன் கைக்கு எட்டுமானால் நான் மேலே எழுதிய புலம்பலில் பெரும்பகுதியை நீ மறந்துவிடலாம். என் காரில் அது கிடையாது.

சரி, புஷ் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் ஒரு நல்ல காரைப் பற்றி நான் நாலு பேரிடம் தப்பாகப் பேசியிருக்கிறேன்.

60,000 கிலோமீட்டர் தாண்டியபோது பழைய இழுப்பு வேறு மாதிரி மாறியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இடப்பக்கம் சாயும், காலை எடுத்தால் வலப்பக்கம் துள்ளும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு லேசாக அலையும். டயர்களின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட வேகமாகத் தேய்ந்தது. வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்யப் போனேன். திரையில் எல்லா எண்ணும் பச்சையில் இருந்தது. "வண்டி நல்லா இருக்கு, இந்த மாடலே இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன், மறுபடி பச்சை. மூன்றாவது தடவை டயரைக் குறை சொல்லி இரண்டு டயர் மாற்ற வைத்தார்கள். புது டயரின் உள்விளிம்பும் அதே மாதிரி தேய்ந்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. காரை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

போன மாதம் வேறு ஒரு பட்டறையில், வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவில் நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. டார்ச் அடித்துக் காட்டினார். பின்பக்கப் புஷ்ஷின் ரப்பரில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதற்குக் கீழே எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய கருப்புத் தடம். அந்தப் புஷ்ஷுக்குள் அதிர்வைக் குறைக்கத் திரவம் நிரப்பியிருப்பார்கள், அது எப்போதோ வடிந்துபோயிருக்கிறது.

"அலைன்மென்ட் எல்லாம் சரியாத்தான் காட்டுச்சு" என்றேன்.

"தம்பி, வண்டி நிக்கும்போது எல்லாம் சரியாத்தான் காட்டும். ஆக்ஸிலேட்டர் குடுக்கும்போது ரப்பர் எங்க போகுதுன்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ரப்பர் விட்டுக்கொடுத்தால் ஆர்ம் நகரும், ஆர்ம் நகர்ந்தால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும் எதிர்எதிராக மாறும். நின்ற நிலையில் அளப்பதில் இது எதுவும் பதிவாகாது. இரண்டு வருடம், இரண்டு டயர், மூன்று அலைன்மென்ட். ஒரு கம்பியை எடுத்து நெம்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட ஆத்திரமாக இருக்கிறது. பழைய பர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்பவர்கள், கார் ஒரு பக்கம் போகிறது என்று தோன்றினால் அலைன்மென்ட்டுக்கு முன்னால் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் இந்த மூன்றையும் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது இந்தக் காரில் எனக்குப் பிடித்தது. வாங்கும்போது நான் எதிர்பார்க்கவே இல்லை. திருப்பத்துக்குள் நுழைந்து, மூக்கு கொஞ்சம் வெளியே நழுவுவது போலத் தோன்றும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை ஒரு விரல் அளவு தூக்கினால் போதும். எடை முன்பக்கம் சாய்கிறது, முன் டயர்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன, பின்பக்கம் லேசாகி அளவாக வெளியே நகர்கிறது. முழு காரும் இடுப்பை வளைத்துத் திருப்பத்துக்குள் படுத்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கை ஒரு டிகிரிகூட அதிகம் திருப்ப வேண்டாம், வலது காலாலேயே திருப்பலாம். கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும் மலைப்பாதையில் இது கொடுக்கும் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை. அதிகாலையில் ஆளில்லாத மலையேற்றம், மூன்றாவது கியர், ஜன்னல் பாதி இறக்கியிருக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் காலைத் தூக்கி மறுபடி வைக்கிறேன். ஆறு வருடம் கழித்தும் இது அலுக்கவில்லை. ஈரச் சாலையில் மட்டும் இதே வேலையைச் சட்டென்று முழுக் காலையும் எடுத்துச் செய்யக் கூடாது. பின்பக்கம் அளவாக நகராது, சுழன்றுவிடும்.

அப்புறம் அந்த இன்னொரு வகை. ஒரு நண்பரிடம் பின்சக்கர டிரைவ் கூபே இருக்கிறது. டர்போ இல்லை, என் காரைவிட 150 கிலோவாவது எடை குறைவு. பத்து நாள் சாவியை மாற்றிக்கொண்டோம். முதல் நாள் ஏமாற்றம்தான். எங்கே டார்க், எங்கே முதுகை அழுத்தும் தள்ளல் என்று தேடினேன். எஞ்சினை 5,000-க்கு மேல் சுற்றினால்தான் உயிர் வருகிறது. நேர்ச்சாலையில் என் கார் அதை எளிதாக விட்டுவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது நாள் அதே மலைப்பாதை. இரண்டாவது கியர், பாதி திருப்பத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன், கை இழுப்புக்குத் தயாராக இறுகிக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. ஸ்டியரிங் சுத்தமாக இருந்தது. முன்சக்கரம் திருப்புகிற வேலையை மட்டும் பார்க்கிறது, தள்ளுகிற வேலை பின்னால் நடக்கிறது. ஒரு டயரிடம் இருக்கிற பிடிப்பு ஒன்றுதான். அதை இழுக்கவும் செலவு செய்து, காரைத் திருப்பவும் செலவு செய்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். இந்தக் காரில் செலவு நான்கு டயருக்கும் பிரிந்துவிடுகிறது. புத்தகத்தில் நூறு தடவை படித்த விஷயம் அன்றைக்குத்தான் என் உள்ளங்கைக்குப் புரிந்தது. தாரின் சொரசொரப்பு, டயர் நழுவத் தொடங்குவதற்கு முன்னால் ஸ்டியரிங் மெல்ல லேசாவது, எல்லாம் விரலுக்கு வந்தது.

1989-இல் பின்சக்கரம் தள்ளுகிற மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோது பலமே இல்லாத அந்தச் சின்னக் காரை உலகம் ஏன் அப்படிக் கொண்டாடியது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. இன்றைய நான்காம் தலைமுறைகூட சுமார் 1,000 கிலோதான். 2012-இல் பின்சக்கரம் தள்ளுகிற கூபேயான டொயோட்டா 86 வெளியானபோது, அதன் டயர் எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காருக்குப் போடுகிற ரகம் என்று பலர் கேலி செய்தார்கள். அது வேண்டுமென்றே செய்தது. பிடிப்பு குறைவான டயர் என்றால் குறைந்த வேகத்திலேயே கார் நழுவ ஆரம்பிக்கும், ஓட்டுகிறவன் பயமில்லாமல் பழகலாம். நம்மில் யார் பொதுச் சாலையில் ஒட்டிப்பிடிக்கிற டயரின் எல்லை வரைக்கும் போகிறோம்? போகவும் கூடாது.

டயர் பேச்சு வந்ததால் ஒன்று. என் கார் 19 அங்குல வீலோடு வந்தது. பார்க்க அழகு, மேடுபள்ளத்தில் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். நான்காம் வருடம் எடை குறைந்த 18 அங்குல வீலுக்கு மாறினேன், டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் உயரமானது. இழுப்பில்கூட ஒரு பங்கு குறைந்தது, வண்டி ரோட்டுக் கோடுகளைப் பின்தொடர்ந்து அலைவதும் நின்றது. இந்தக் காருக்கு நான் செய்த செலவில் இதைவிட நல்லது வேறில்லை. பழைய கார் பார்க்கப் போனால் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். டயர் கோடுகளின் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வருடம் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். அந்த டயரில் ஓட்டிவிட்டுக் காரின் ஹேண்ட்லிங்கைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் அது காருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, நண்பனுக்குப் பதில். நியாயமாகக் கணக்குப் போட்டால் என் கார்தான் ஜெயிக்க வேண்டும். நாலு பேர் உட்காரலாம், சாமான் ஏற்றலாம், மழையில் நம்பலாம், வேகம் அதிகம், காலைத் தூக்கினால் ஆடுகிற அந்த ஆட்டம் வேறு. புது புஷ் போட்ட பிறகு பழைய துள்ளல் எல்லாம் போய், முதல் வருடத்துக் கார் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் நேற்று சாயங்காலம் தூறலில், சிக்னல் தாண்டி இரண்டாவது கியரில் திரும்பும்போது, அந்த இழுப்பு மறுபடி வந்தது. பழுது எதுவும் இல்லை. எல்லாம் புதுசு. கார் பிறந்ததே அப்படித்தான். பத்து நாள் அந்தச் சுத்தமான ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு இதை இனிமேல் மன்னிக்கத் தெரியவில்லை.

அதனால் நீ கூபேயை எடு. பின்சீட்டு வேண்டும் என்கிற கட்டாயம் உனக்கு இல்லை, தினமும் நெடுந்தூரம் ஓட்டப்போவதும் இல்லை. நான் என்னுடையதை வைத்துக்கொள்கிறேன், விற்கிற எண்ணம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வந்துவிடு. கூபேயையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரே வளைவு, ஒரே வேகம், இரண்டாவது கியர், இரண்டு காரிலும் மூன்று மூன்று தடவை போ. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதே, விரல் நுனியில் வைத்துக்கொள். பணம் கட்டுவதை அதுவரைக்கும் தள்ளிவை.