பழைய முற்றத்துக்குப் புதிய கூரை

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனால் மம்மிகளைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ‘கிரேட் கோர்ட்’ எனப்படும் பெரு முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். இங்கே இருந்த பிரிட்டிஷ் நூலகம் இடம்பெயர்ந்ததும், அதன் புத்தகக் கிடங்குகளை அகற்றிவிட்டு, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த இடம் இது. 2000 டிசம்பரில் திறக்கப்பட்டது.

நடுவில் 1857-இல் திறக்கப்பட்ட வட்டமான வாசிப்பு அறை, சுற்றிலும் செவ்வக முற்றம். இரண்டையும் இணைக்கும் கூரையில் 3,312 கண்ணாடிகள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. பழைய சுவர்களை வெளியே தள்ளிவிடாதபடி கூரையின் விளிம்பு நழுவும் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சாமர்த்தியம் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வெயில் வந்தால் வெள்ளைச் சுவரில் ஊர்கிற முக்கோண நிழல்கள்தான் தெரியும். எனக்கு அதுவே போதும்.

உறுத்துவது தெற்கு வாயில் மண்டபம். பழையதைப் போலவே மீண்டும் கட்டினார்கள், ஆனால் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் கல்லுக்குப் பதில் பிரெஞ்சுச் சுண்ணாம்புக்கல்லில். அப்போதே பெரிய சர்ச்சையானது. பக்கத்துச் சுவர்களோடு ஒப்பிட்டால் வெளிறித்தான் இருக்கிறது. கூரையோ பழசு போல வேடம் போடவில்லை, பொருந்திவிட்டது.

பொது அரங்குகளுக்கு நுழைவு இலவசம். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுங்கள்.