15டபிள்யூ-40 எதிர் 20டபிள்யூ-50: ஆயில் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

சங்ககிரி லாரிக்கும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்கும் (போர்வெல் போடும் வண்டி) ஆயில் வாங்கும்போது, "நம்மூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று 20டபிள்யூ-50 கேட்பவர்கள் உண்டு. (டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிர்ந்த நிலைக்கான எண், பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டி என்ற கிரேடு.) லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அந்த நம்பிக்கை அவ்வளவு உறுதியாக நிற்காது.

இன்ஜின் ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ ஜே300 தரப்படி, 100 டிகிரி செல்சியஸில் விஸ்காசிட்டி, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (அதை அளக்கும் அலகு) இருந்தால் அது 40 கிரேடு. 16.3 முதல் 21.9 வரை 50. 9.3 முதல் 12.5 வரை 30. பேரிங்குக்குள் நசுங்கும் நிலைக்கான 150 டிகிரி சோதனையில் இரண்டு ஆயிலுக்கும் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவு ஒன்றுதான்: 3.7 மில்லிபாஸ்கல்-செகண்ட். எனவே இன்ஜின் கம்பெனி 15டபிள்யூ-40 சொல்லியிருந்தால், வெயிலைக் காரணம் காட்டி மாற்றத் தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வைத் தட்டும் ராக்கர் வரை சீக்கிரம் ஏறுவதும் அதுதான்.

வித்தியாசம் பெரிதாகத் தெரிவது பழைய ஆயிலில். இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்தால் இரண்டுமே இளகும். 14.5இல் தொடங்கிய 15டபிள்யூ-40, 11.6க்கு வந்தால் 30 கிரேடுக்கு இறங்கிவிட்டது என்று உடனே கண்ணில் படும். 18இல் தொடங்கிய 20டபிள்யூ-50, 14.4க்கு வந்தாலோ "40 ரேஞ்சில்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். இரண்டிலும் இழப்பு ஒரே 20 சதவீதம், இரண்டுமே அபாயம். அதனால் அதே பிராண்டு புது ஆயிலையும் ஒருமுறை சோதித்து, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 10 சதவீதம் விலகினாலே காரணம் தேட வேண்டும்.

எண் மாறாமல் இருப்பதாலும் நிம்மதி அடையக்கூடாது. டீசல் இளக்கும், புகைக்கரி கெட்டியாக்கும். இரண்டும் சேர்ந்தால் விஸ்காசிட்டி நல்லபடியாகவே காட்டும். டீசல் சதவீதம், கரி அளவு இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சாம்பிளை இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஆயிலை வடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். ஓடிய மணிநேரம், இடையில் ஊற்றிய லிட்டர் இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

ரிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கம்ப்ரசர் ஆயிலின் ஐஎஸ்ஓ 46 என்பது 40 டிகிரியில் அளந்த எண். அதே 40 டிகிரியில் 15டபிள்யூ-40 நூறு சென்டிஸ்டோக்கைத் தாண்டும். 46 பெரிய எண், அதனால் கெட்டியான ஆயில் என்று நினைத்து மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.