லைக்கா எம்9-ஆ, கேனான் 5டி மார்க் 2-ஆ?

இரண்டுமே பழைய கேமராதான், ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரா (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் லைக்கா வகை) டிஎஸ்எல்ஆரா (உள்ளே இருக்கும் கண்ணாடியால் லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேனான் வகை) என்று பேச்சு வந்தால் எனக்கு இன்னமும் இந்த ஜோடியைத்தான் ஒப்பிடத் தோன்றுகிறது. 2008-இல் வந்த கேனானில் 21 மெகாபிக்சல், அடுத்த ஆண்டு வந்த லைக்காவில் 18. எண்ணைப் பார்த்தால் கேனான்தான் முந்த வேண்டும். ஆனால் நல்ல வெளிச்சத்தில், குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு) எடுத்துப் பாருங்கள், இலை நரம்பு, சேலைச் சரிகை மாதிரி நுணுக்கங்களில் லைக்காதான் பளிச். ஒளியைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் படத்தை லேசாக மழுங்கடிக்கும் லோ-பாஸ் ஃபில்டர் அதில் கிடையாது.

அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸில் வித்தியாசம் இன்னும் பெரிது. டிஎஸ்எல்ஆரில் உள்ளே கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும், அதனால் கேனானில் லென்ஸ் பொருந்தும் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. தூரம், லைக்காவில் 27.8தான். அந்த இடைவெளியைச் சமாளிக்கப் போய் டிஎஸ்எல்ஆர் வைட் லென்ஸ் குண்டாகிவிடுகிறது, லைக்காவின் 35 எம்எம் சம்மிக்ரான் லென்ஸோ உள்ளங்கையில் அடங்கிவிடும்.

சரி, இருட்டில்? ஐஎஸ்ஓ 1600 தாண்டினால் எம்9 திணறும், கேனான் அசராது. மேக்ரோ (மிக அருகில் வைத்து எடுப்பது), டெலி (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக எடுப்பது) பக்கம் ரேஞ்ச்ஃபைண்டரைக் கேட்கவே வேண்டாம், லைக்காவின் பெரும்பாலான எம் வகை லென்ஸ்கள் 70 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸே ஆகாது. கல்யாண வீட்டுக்கு 5டி, தெருவில் சுற்ற எம்9, இதுதான் என் கணக்கு. அப்புறம், செகண்ட் ஹேண்டில் எம்9 வாங்குபவர்கள் சென்சாரை மாற்றியாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பழைய சென்சார் அரித்துப்போகும் பிரச்சினை ஊரறிந்தது.