ஸ்ட்ரோம்போலி: படகிலிருந்து பார்ப்பதா, மலையேறிப் பார்ப்பதா?

இத்தாலியின் சிசிலிக்கு வடக்கே, ஏயோலியத் தீவுக்கூட்டத்தில் 924 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் எரிமலைத் தீவான ஸ்ட்ரோம்போலிக்குச் செல்பவர்கள் காண விரும்புவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: இருட்டிய பின் எரிமலையின் வாயிலிருந்து சீறி எழும் நெருப்பு. 'மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம்' என்று பெயர் பெற்ற அந்த ஒளியைக் காணப் படகுச் சுற்றுலா ஒரு வழி, வழிகாட்டியுடன் மலையேறுவது மற்றொரு வழி.

இரண்டில் எது சிறந்தது என்பதை, எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பதே முடிவு செய்கிறது என்பது என் கருத்து. பாறைக்குழம்பின் ஊடாக மேலேறிவரும் பெரிய வாயுக் குமிழிகள் வாயருகே உடைவதால்தான் இங்கே வெடிப்பு நிகழ்கிறது. பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது நேரும் என்றாலும், அடுத்தது எப்போது என்று யாராலும் கூற முடியாது. இரண்டு நிமிடத்தில் இரண்டு வெடிப்புகள் வரலாம். அரை மணி நேரம் புகை மட்டுமே தெரியலாம்.

படகு, தீவின் வடமேற்கில் வாயிலிருந்து கடல்வரை இறங்கும் ஷாரா டெல் ஃபுவோக்கோ என்னும் கரிய சரிவின் எதிரே நிற்கும். இயந்திரத்தை நிறுத்திய பின், சிவந்த கற்கள் சரிவில் உருண்டு வருவதும், சில நொடி பிந்தி அவற்றின் சலசலப்பு காதை எட்டுவதும் மறக்க முடியாதவை. முதியோரும் குழந்தைகளும் சிரமமின்றிக் காணலாம். ஆயினும் லிபாரி, சலினா போன்ற தீவுகளிலிருந்து வரும் படகுகள் திரும்பும் பயணத்தையும் கணக்கிட வேண்டியிருப்பதால் அங்கே நீண்ட நேரம் நிற்பதில்லை. ஆடும் படகில் கேமராவின் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் படத்தில் கோடுகளே மிஞ்சும். காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தவரை ஸ்ட்ரோம்போலியிலிருந்தே புறப்படும் சிறு படகுகள் மேலானவை.

மலைப்பயணம் மாலையில் தொடங்கி, புதர்களுக்கிடையே வளைந்து ஏறும். சுமார் 750 மீட்டர் உயரத்திலுள்ள வாய்கள் 400 மீட்டர் உயரத்துப் பார்வையிடத்திலிருந்து மேல்நோக்கியே தெரிகின்றன. எனவே வாய்க்குள் எட்டிப்பார்க்கும் எண்ணத்துடன் செல்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். ஆனால் காலடியில் உறுதியான தரையும், காத்திருக்கக் கூடுதல் நேரமும், வெடிப்பின் அதிர்வை மார்பில் உணரும் அண்மையும் இங்கே கிடைக்கின்றன. இறங்கும்போது தளர்ந்த கருமணலில் முழங்கால்களுக்கு வரும் சோதனை ஏறும்போது வருவதைவிடக் கடுமையானது.

படகே பாதுகாப்பானது என்று பலரும் எண்ணுவது முற்றிலும் சரியன்று. 2002 டிசம்பர் 30 அன்று ஷாரா டெல் ஃபுவோக்கோ சரிவின் ஒரு பகுதி கடலில் சரிந்து சுனாமியை எழுப்பியது. 2019 ஜூலை 3 அன்று நேர்ந்த பெருவெடிப்பில் மலையேறிய ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று சூடான சாம்பல் மேகம் கடல்மேல் படர்ந்து வர, அருகிலிருந்த ஒரு படகு விரைந்து தப்பியது. உச்சிக்குச் செல்லும் வழி 2019க்குப் பின் மூடப்பட்டது. எரிமலையின் நிலையைப் பொறுத்து அனுமதிக்கும் உயரமும் மாறுகிறது. ஆகவே புறப்படும் நாளன்று வழிகாட்டியிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

உறுதியான கால்கள் உள்ளவர்கள் மலையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். கடல் ஒவ்வாதவர்களுக்கு அதில் ஐயமே இல்லை. ஆனால் தீவில் இரண்டு இரவு தங்குபவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு: புன்டா லப்ரோன்சோவின் பழைய கண்காணிப்பு நிலையம் வரை நடந்து சென்று, அங்கிருந்து பார்ப்பது. காட்சி தொலைவில்தான் தெரியும்; ஆனால் முதல் மாலை மேகம் வாயை மூடினாலும் அடுத்த மாலை மீண்டும் ஏறலாம். இறங்குவதற்கு ஒரு தலைவிளக்கு மட்டும் கையோடு இருக்கட்டும்.