பெரிய கோயில் ஆயிரம் ரூபாய் நாணயம் வாங்குகிறீர்களா? முதலில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து எழுதுகிறேன். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கம் வெள்ளி நினைவு நாணயம் சேர்ப்பவர்களும் வாங்கி விற்பவர்களும் தயவுசெய்து முழுதாகப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றி நாணயம் விற்றவர் கையில் அதே மாதிரி ஸ்லாப் (காசை உள்ளே வைத்து மூடி, தரம் எழுதிய பிளாஸ்டிக் உறை) இன்னும் நாலைந்து இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து வந்த 1000 ரூபாய் நாணயம்தான் விஷயம். நம் நாட்டில் அந்த முகமதிப்பில் வந்த முதல் நாணயம் அது. எடை 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. எனக்குப் பத்து வயது இருக்கும்போது தறி வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அப்பா கூட்டிப்போய்க் காட்டிய கோயில். அதனால் அந்தக் காசை, அதுவும் சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக மெருகேற்றி அடிக்கும் ப்ரூஃபில், ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

போன வருடம் திருத்தணி பக்கத்து வியாபாரி ஒருவர் 19,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்லாப், உள்ளே சீட்டு, சீட்டில் 'ப்ரூஃப் 68', அதாவது எழுபதுக்கு 68 தரம். நாணயம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அவரைவிட்டே ஸ்லாபைத் திறக்கச் சொல்லி எங்கள் ஊர் பத்தரிடம் கொண்டுபோனேன். தராசில் சரியாக 35 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டதும் ஏறக்குறைய மூன்றரை கிராம் குறைந்தது. 80 சதவீத வெள்ளிக்கு அந்தக் கணக்கு சரி. வெள்ளியே இல்லாத வெறும் ஜெர்மன் சில்வராக இருந்திருந்தால் நாலு கிராம் குறைந்திருக்கும். சரி, நல்ல காசுதான் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். நான் வெள்ளியைச் சோதித்தேனே தவிர ப்ரூஃபைச் சோதிக்கவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்.

எட்டு மாதம் கழித்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்க வேண்டியதாயிற்று. எனக்கு நன்கு பழக்கமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையிலேயே போன் செய்தார். "தம்பி, நீங்க தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டீங்க. ஆனா ஒருதடவை வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். போனேன். நகைக்கடை லென்ஸைக் கையில் கொடுத்து ஆண்டுக்குக் கீழே பார்க்கச் சொன்னார். அங்கே சின்ன வைரக்குறி இருந்தது.

மும்பை நாணயச்சாலையில் யூஎன்சி காசுக்கு, அதாவது சாதாரணமாக அடித்த, புழங்காத காசுக்கு, வைரக்குறி போடுவார்கள். ப்ரூஃப் என்றால் 'எம்' எழுத்து இருக்க வேண்டும். என்னிடம் வந்தது யூஎன்சி காசு. அதை நகைப் பட்டறை மெஷினில் பஃப் போட்டுக் கண்ணாடியாக்கி, சீட்டு ஒட்டி, ப்ரூஃப் விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

குறியைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் தானாகவே தெரிய ஆரம்பித்தது. ப்ரூஃப் காசை மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வெற்று வட்டத் தகட்டில், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். தளம் கண்ணாடியாக இருக்கும், கோபுரமும் எழுத்தும் பனி படிந்த மாதிரி வெளுத்து நிற்கும். இதிலோ தளம், கோபுரம், எழுத்து எல்லாமே ஒரே பளபளப்பு. எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. எழுத்துக்கு நடுவே, மெஷின் துணி நுழைய முடியாத இடுக்குகளில் மட்டும் பழைய மங்கல் அப்படியே இருந்தது. விளக்குக்கு அடியில் சாய்த்தால் முடியிழை போன்ற கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடின. பஃப் போட்ட காசை யூஎன்சி விலைக்குக்கூட சேகரிப்பவர் யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம்.

சாருக்கு அன்றைக்கே பணத்தைத் திருப்பிவிட்டேன். அவர் பாதி போதும் என்றார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

வியாபாரியிடம் கேட்டால், "வெள்ளி இருக்குதில்லண்ணா, உங்களுக்கு என்ன நஷ்டம்? கேஸ் போடணும்னா தமிழ்நாட்டுக்கு வந்து போடுங்க" என்றார். இது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கினோம் என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். ஆனால் ஒன்று: லாபத்துக்கு விற்கவென்றே வாங்கியவரை அந்தச் சட்டம் பொதுவாக நுகர்வோராக எடுத்துக்கொள்ளாது, சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. என் அதிர்ஷ்டம், "என் சேகரிப்புக்குத்தான், ப்ரூஃப்தானே?" என்று நான் வாட்ஸ்அப்பில் கேட்டதும் "ஆமா, கேரண்டி" என்று அவர் பதில் போட்டதும் அழியாமல் இருக்கிறது. பில் மட்டும் வாங்காமல் விட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஸ்லாப் சீட்டில் இருந்த எண்ணை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. காசுக்குத் தரம் கொடுக்கும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்களின் ஸ்லாப் என்றால் எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டதும் விவரம் வரும், பல காசுகளுக்குப் படமும் வரும். அந்தப் படத்தையும் கையிலுள்ள காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் நிஜமான எண்ணைப் போட்டே போலி ஸ்லாப் செய்கிறார்கள். என்னுடையதில் இருந்த நிறுவனத்துக்கு இணையதளமே கிடையாது. சாதாரணமாகத் திறக்க முடிந்தது என்பதே எனக்கு அன்றைக்கு உறைத்திருக்க வேண்டும். சரியான ஸ்லாபை உடைக்காமல் திறக்க முடியாது.

கடந்த இரண்டு வருடத்தில் இந்தப் பக்கம் பெரிய கோயில் காசை 'ப்ரூஃப்' என்று ஸ்லாபில் வாங்கியவர்கள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கீழே வைரம் இருந்தால், ஸ்லாபைத் திறக்காமல், துடைக்காமல், சீட்டோடு இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். ஒரே ஆளிடம் வாங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் மனுவை ஒன்றாகவே கொடுத்துவிடலாம்.