நயினாதீவா, நெடுந்தீவா? குடும்பத்தோடு தீவகத்தில் ஒரு நாள்

சித்திரை விடுமுறைக்கு அண்ணா குடும்பம் வந்திருந்தபோது, ஒரு வான் வண்டி பிடித்து எல்லோருமாக, யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான தீவகத்துக்குப் போய்வரலாம் என்று முடிவானது. ஒன்பது பேர். அம்மாவுக்கு 74 வயது, பெறாமகளுக்கு 5. எங்கே போவது என்பதில்தான் இரண்டு நாள் பேச்சு. அண்ணாவுக்கு நெடுந்தீவு பார்க்க வேண்டும். அம்மாவுக்கு நயினாதீவில் உள்ள நாகபூஷணி அம்மன் கோயில். அண்ணி, பிள்ளைகள் கடலில் விளையாடினால் போதும், காரைநகருக்கே போவோம் என்றார். கடைசியில் நயினாதீவு போனோம். போய்வந்த பிறகு, சரியான முடிவுதான் என்று உறுதியாகத் தோன்றுகிறது.

காரைநகரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொன்னாலைப் பாலம் தாண்டினால் தீவு வந்துவிடும். படகே தேவையில்லை. கசூரினா கடற்கரையில் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும், சவுக்கு நிழலும் உண்டு. பக்கத்திலேயே ஈழத்துச் சிதம்பரம் என்னும் சிவன் கோயில். கைக்குழந்தை இருக்கும் வீட்டார் யோசிக்காமல் இங்கே போகலாம். ஆனால் அரை நாளில் முடிந்துவிடும். தீவு தீவாகத் தாண்டிப் போகும் அந்த உணர்வு அங்கே கிடைக்காது.

அந்த உணர்வுக்கு யாழ்ப்பாண நகரத்தின் ஓரத்தில் உள்ள பண்ணை என்ற இடத்தின் பக்கம்தான் போக வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், தடி நட்டுக் கட்டிய சிறகுவலைகள், அவற்றின்மேல் வரிசையாக நீர்க்காகங்கள். அப்புறம் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று பனையும் மணலுமாக வழி. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்கு நடுவே போகும் வீதியான தாம்போதியில் பிள்ளைகள் எல்லோரும் யன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும், கூரை போய் மரம் முளைத்த வீடுகளையும் பார்த்ததும் அண்ணா பேச்சை நிறுத்திவிட்டார். அவரோடு படித்தவர்கள் சிலரின் ஊர் அது.

இந்த வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. வாகனத்தை அங்கே விட்டுவிட்டுப் படகு ஏற வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு இங்கிருந்துதான். ஆகவே தரைவழி இரண்டுக்கும் ஒன்றே. வித்தியாசம் முழுக்கப் படகில், அதிலும் திரும்பி வரும் படகில் இருக்கிறது.

நயினாதீவுக்குக் கடலில் 15, 20 நிமிடம்தான். படகுகள் பகல் முழுக்க வந்து போய்க்கொண்டிருக்கும். ஒன்றை விட்டால் கொஞ்சம் காத்திருந்து அடுத்ததில் ஏறலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். நாளுக்குச் சில தடவைதான் சேவை. காலைப் படகைப் பிடிக்க வேண்டும், பின்னேரம் திரும்பும் படகையும் விடக் கூடாது. இதன் விளைவு தரையிலும் தெரியும். நெடுந்தீவு என்றால் வெள்ளெனப் புறப்பட்டு, பண்ணையில் நிற்காமல், தாம்போதியில் இறங்காமல், குறிகட்டுவானுக்கு ஓட வேண்டும். ஒன்பது பேரைக் காலையில் ஒரே நேரத்துக்கு வானில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாங்கள் தாம்போதியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசியவரைக் கால் மணி நேரம் பார்த்தோம். யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

இன்னொன்று, படகில் ஏறுவது. அநேகமான படகுகளில் குனிந்து, படி இறங்கித்தான் உள்ளே உட்கார வேண்டும். டீசல் மணம், புழுக்கம். முழங்கால் நோவுள்ள அம்மாவை இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். இருபது நிமிடத்தை அவர் தாங்கிக்கொண்டார். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் நான் கூட்டிப்போயிருக்க மாட்டேன்.

இறங்கியதும் கோயில் கிட்டவே இருக்கிறது. கும்பிட்டுவிட்டு அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானத்துக்கு உட்கார்ந்தோம். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அங்குள்ள பௌத்த கோயிலான நாகவிகாரையையும் பார்த்துவிட்டுத் திரும்பி, வரும் வழியில் சாட்டிக் கடற்கரையில் பிள்ளைகளை ஆசை தீர விளையாட விட்டோம். அண்ணி கேட்ட கடலும் கிடைத்துவிட்டது. ஆனித் திருவிழாக் காலத்தில் மட்டும் இந்த நிதானத்தை எதிர்பார்க்க வேண்டாம். அப்போது படகுக்கு நீண்ட வரிசை நிற்கும்.

நெடுந்தீவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) அடுக்கிய வேலிகள், வெளியில் கூட்டமாக மேயும் குதிரைகள், பருத்த அடிமரம் கொண்ட பெரிய பெருக்க மரம், இடிந்த பழைய கோட்டை என்று வேறெங்கும் சேர்த்துப் பார்க்க முடியாத இடம். ஆனால் தீவு பெரியது, நிழல் குறைவு. இறங்கியதும் ஓட்டோவோ வேறு வாகனமோ பிடிக்க வேண்டும், தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும். நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் பல வருடங்களுக்கு முன் நண்பர்களோடு, கடல் அமைதியாக இருந்த மாசி மாதத்தில். பிள்ளைகளோடு போன அனுபவம் எனக்கில்லை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கடல் எப்படிக் குலுக்கும் என்பதும் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பம் என்றால் என் கணக்கு மாறவும் கூடும்.

அண்ணாவுக்கு ஆசை போகவில்லை. அடுத்த மாசியில் வந்தால் நெடுந்தீவிலேயே ஓர் இரவு தங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். அம்மா வீட்டில் நிற்பதாகச் சொல்லிவிட்டார்.